பன்னிரண்டாவது சிகரம்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது நடந்தது. மணி, நிமிஷம் உட்பட அவளுக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. வெளிநாட்டில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு ஊசி குத்துகிறவள். சட்டென்று பயந்துவிடுகிற ரகம் இல்லை.

அவள் கணவனுக்கு மலைப் பித்து. அங்கே உள்ள தேசியப் பூங்காவில் பன்னிரண்டு சிகரங்கள். பதினொன்றில் ஏறிப் படம் எடுத்து, ஆபீஸ் மேஜைக்கு மேலே வரிசையாக ஒட்டி வைத்திருந்தான். பன்னிரண்டாவதுக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டான். சாப்பாட்டுப் பையைச் சுமக்க ஆள் வேண்டுமே, அவளையும் கூட்டிக்கொண்டான்.

பாதி மலையிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"லக்கேஜ் வருதாடா?" என்று திரும்பிப் பார்க்காமலே தம்பியைக் கேட்டான். ஆறு வருஷமாக அவளுக்கு அதுதான் பெயர்.

"வருதுண்ணே. சக்கரம்தான் தேஞ்சு போச்சு."

இருவரும் சிரித்தார்கள்.

11:50. இரண்டு சிகரங்களுக்கு நடுவே ஒரு மேடு. ஒரு பக்கம் பாதை, மறுபக்கம் அதலபாதாளம்.

"நீ இங்கேயே கெட. ஒரு மணி நேரத்துல வந்துடுவோம்."

"என்னங்க, எனக்கு எறங்குற வழி தெரியாதே..."

"அப்போ அசையாதே."

12:35. மூடுபனி இறங்கியது. முதலில் சிகரம் மறைந்தது. அப்புறம் பாதை. அப்புறம் அவளுடைய சொந்தக் கால்கள். போனில் சிக்னல் இல்லை. பாதை எந்தப் பக்கம், பள்ளம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அவன் வந்தால்தான் அவளுக்கு உயிர்.

1:10. சரக்... சரக்... கல்லில் காலடி. ஒரே ஒரு ஆள்.

கணவன்தான். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

"தம்பி எங்கே?"

"வருவான். நீ வா."

கேட்காமலே பையை வாங்கி மாட்டிக்கொண்டான். கை கொடுத்தான். மணிக்கட்டுகளைப் பிடித்துப் பழகியவள் அல்லவா, அவள் விரல் தானாக நாடியைத் தேடியது.

கிடைக்கவில்லை...

குளிரில் விரல் மரத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"பார்த்து... பார்த்து..." ஒவ்வொரு பாறையிலும் நின்று இறக்கிவிட்டான். குளிரில் அவள் வாயிலிருந்து ஆவி வந்தது. அவன் வாயிலிருந்து வரவில்லை.

3:20. கார். கதவைத் திறந்துவிட்டான். பையை அவள் மடியில் வைத்தான்.

"உட்காரு. இதோ வந்துடறேன்."

பனிக்குள் போனான். காலடிச் சத்தம் கேட்கவில்லை.

4:38. பனிக்குள்ளிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கணவன். கொழுந்தன். கணவன் தூரத்திலிருந்தே சாவியை அழுத்தினான்.

டக்.

அவளைச் சுற்றி நான்கு கதவுகளின் பூட்டும் திறந்துகொண்டது. இவ்வளவு நேரமும் கார் பூட்டித்தான் இருந்திருக்கிறது...

கதவைத் திறந்தவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தான்.

"நீ... யாரு?"

வீடு வரும்வரை கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

பதினோரு நாள் கழித்து, அண்ணன் இல்லாத நேரம் பார்த்துக் கொழுந்தன் வந்தான். சமையலறை வாசலிலேயே நின்றான்.

"அண்ணி, அன்னைக்கு ஒண்ணு பத்துக்கு நாங்க திரும்பி வந்தோம். நீங்க அங்கேயேதான் இருந்தீங்க."

"நானா?"

"கால் ஒடிஞ்சு கெடந்தீங்க. எலும்பு வெளியே தெரிஞ்சுது. தூக்கிட்டுப் போங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டீங்க. அண்ணன் சிரிச்சாரு. லக்கேஜ் ஒடஞ்சா தூக்கிப் போட்டுட்டுப் போக வேண்டியதுதான்னாரு."

"நீ?"



"நீங்க கத்துனது கீழ வரைக்கும் கேட்டுச்சு, அண்ணி..."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகப் பஸ் பிடித்து மலையடிவாரத்துக்குப் போனாள். பாதை தொடங்கும் இடத்தில், ஒரு மரப்பெட்டிக்குள் நோட்டு இருக்கும். ஏறுகிறவர்கள் எத்தனை பேர் என்று எழுத வேண்டும். இறங்கியதும், திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று எழுத வேண்டும். ஓர் ஆள் குறைந்தாலும் வனக்காவலர்கள் அன்றைக்கே தேடக் கிளம்பிவிடுவார்கள்.

பக்கத்தைப் புரட்டினாள். கணவனின் கையெழுத்து. கொஞ்சம்கூட நடுங்காத எழுத்து.

திரும்பிய நேரம்: 4:30. அவன் காருக்கு வருவதற்கு எட்டு நிமிஷம் முன்பு.

திரும்பியவர்கள்: மூன்று பேர்.