சுகந்தி அக்கா கடையின் ஷட்டர்

செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அப்பா மாடிக்கு வந்து, "சுகந்தி போயிருச்சு கண்ணு" என்றார். "எங்க?" என்று கேட்டேன். வாய் நிறைய நுரை. அப்பா, நான் திறந்து விட்டிருந்த குழாயை மூடினார். தண்ணீர் நின்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நான்கு நாள் காய்ச்சல். பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் எலிப்பனி என்று சொன்னார்களாம். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் எலியையும் பனியையும் வைத்து என் மண்டை தானாகவே ஒரு கடி ஜோக்கைத் தயாரித்துவிட்டது. அதைச் சொல்ல ஜன்னலுக்குப் போனேன். எதிர்க்கடை ஷட்டர் மூடியிருந்தது. சிரிக்க வேண்டியவர்தான் செத்துப் போயிருந்தார். அழுகை வரவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மூன்று இட்லி சாப்பிட்டேன்.

நம் வாசகசாலை இதழுக்கு அக்காவைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். அக்காவுக்கு அதிகத் தொல்லை கொடுத்தவள் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன். கொழிஞ்சாம்பாறையில் என் அப்பாவின் மாட்டுத் தீவனக் கடை. அதன் மேல்மாடியில் எங்கள் வீடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம், என் ஜன்னலுக்கு நேர் எதிரே, ரிமோட்டில் திறக்கிற கேட்டும் ஷட்டரும் மாட்டித் தருகிற அக்காவின் கடை. இதை வாசிக்கிற உங்களில் பலர் வீட்டுக் கேட்டிலும் கார் ஷெட்டிலும் அவர் கை பட்டிருக்கும். ஸ்கூட்டரில் ஏணியைக் குறுக்கே கட்டிக்கொண்டு அவர் வந்தால் எதிரே வருகிற பஸ்ஸே ஒதுங்கும். ரிமோட்டுக்கு உயிர் போய்விட்டது என்று நீங்கள் பதறிப்போய்க் கொண்டு வந்திருப்பீர்கள். அவர் பேட்டரியை எடுத்துத் திருப்பிப் போட்டு, "தலகீழாப் போட்டிருக்கீங்" என்று கையில் கொடுத்திருப்பார். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லி உங்கள் மானத்தை வாங்கியிருக்க மாட்டார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த ரிமோட்டைப் புதிதாகப் பதிந்து கொடுத்தாலும், அதைத் திறந்து உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பெயர் எழுதுவார். பேனா மை வேர்வையில் அழிந்துவிடும், இது அழியாது என்பார். நகத்தில் அவர் பூசி நான் பார்த்ததில்லை. எழுதுவதும் உங்கள் சொந்தப் பெயராக இருக்காது. எங்கள் குடோன் ரிமோட்டுக்குள் 'தீவனம்' என்று இருக்கிறது. டாக்டர் வீட்டு ரிமோட்டில் 'ஊசி'. உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாணயத்தால் நெம்பிப் பாருங்கள். கோபித்துக்கொள்ள இனி ஆளில்லை.

என் கதை காப்பி ரிமோட்டில் தொடங்குகிறது. ஆன்லைனில் ஒன்று வாங்கியிருந்தேன். இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தி, விளக்கு மின்னியதும் அசல் ரிமோட்டை அதற்கு மூக்கோடு மூக்கு வைத்து அழுத்தினால் போதும். அசல் சொல்வதை அப்படியே கற்றுக்கொள்ளும். பரீட்சையில் எனக்கு வராத காப்பி இதற்கு வந்தது. ஒரு நாள் அக்கா சில்லறை மாற்ற வந்து, தன் கடை ரிமோட்டை எங்கள் மேசையில் மறந்து வைத்துப் போனார். திரும்பி வருவதற்குள் வேலை முடிந்தது.

அன்று சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு அக்கா மூன்று எட்டு வைத்தார். ஷட்டர் மேலே போனது. திரும்பி வந்து இறக்கினார். நான்கு எட்டு. மறுபடி மேலே. மறுநாள் ஏணி போட்டு மோட்டார் பெட்டியைக் கழற்றித் துடைத்தார். ஆன்டெனா ஒயரை நீவி விட்டார். பேட்டரியை மாற்றினார். எங்கள் கடைக்கு வந்து, "ஏனுங்ணா, உங்களுக்குங் கரண்டு கூடக் கொறச்சலா வருதுங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார். மூட்டைகளுக்குப் பின்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன்.

மூன்றாம் நாள் ஏணியில் நின்றபடியே ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

"வாலு, எறங்கி வா."

இறங்கிப் போனேன். ரிமோட்டை வாங்கிப் பார்த்தார். பிடுங்கிக்கொள்வார் என்று நினைத்தேன்.

"கணக்குல எத்தன மார்க்கு?"

"பதினெட்டுங்க்கா."

"இதுல நூறு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு ஏணியை மடக்கினார்.

அதன் பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டது. ஷட்டரை இறக்கும் முன் அவர் ஜன்னலைப் பார்ப்பார். நான் இருந்தால், "இன்னிக்கி ஒரு தடவதான். பசிக்குது" என்பார். நான் இரண்டு தடவை ஏற்றுவேன்.

எங்கள் குடோனுக்கு நம்பர் போட்டுத் திறக்கிற கீபேட் மாட்ட அவர் வந்ததையும் சொல்ல வேண்டும். வேலை முடிந்து, நம்பரை வைக்கும் நேரம் வந்ததும் எழுந்து போய் முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார். எந்த வீட்டிலும் அப்படித்தானாம்.

"நீ பாத்தா என்ன சுகந்தி? வேத்தாளா?" என்றார் அப்பா.

"எனக்குத் தெரிஞ்சா நீங்க நிம்மதியாத் தூங்குவீங். நான் தூங்க மாட்டனுங்."

அப்பா நம்பரை அழுத்தினார். அக்கா திரும்பாமலேயே, "ஒண்ணு ரெண்டு மூணு நாலு வேண்டாமுங்ணா, வேற வெய்யுங்" என்றார். அப்பா திகைத்துப் போனார். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "ரோசிக்காம அமுக்குனீங். சத்தம் அவ்வளவு வேகமா வந்துச்சு" என்றார்.

அதே நாளில்தான் அப்பா, இன்னொரு ரிமோட் வேண்டும், என்னிடம் இருப்பது மாதிரி காப்பி ரிமோட்டே போதும் என்று சொன்னார். "அது எங் கடையில இருக்கற மாதிரி பழைய பொட்டிக்குத்தானுங் ஆவும்" என்றார் அக்கா. "பழசு தெனமும் ஒரே நம்பரச் சொல்லும். இந்தப் புதுப் பொட்டிக்கு ஒவ்வொரு தடவைக்கும் நம்பர் மாறும். காப்பி எடுபடாதுங்." கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். காதோடு நின்றுவிட்டது.

அவர் என் மீது கோபப்பட்டது ஒரே ஒரு தடவை. அன்று மறுநாள் பரீட்சை. ஜன்னலுக்கே போகவில்லை. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், கட்டிலில் உட்கார்ந்தபடி ரிமோட்டை ஜன்னல் பக்கம் நீட்டி அழுத்தினேன். ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு வேறொரு சத்தம் கேட்டது. அக்கா ஓரத்துக் கம்பியில் கை வைத்துக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்திருக்கிறார்.

சிறிது நேரத்தில் எங்கள் படியேறி வந்தார். அதற்கு முன் அவர் வந்ததே இல்லை. இடது கையில் துண்டு சுற்றியிருந்தது. துண்டு சிவந்திருந்தது. கத்துவார் என்று காத்திருந்தேன்.

"பாக்காத கதவ அமுக்காத" என்றார். நான் தலை குனிந்தேன். "இங்க பாரு. ஏமாத்து, வேண்டாங்கல. ரெண்டு கண்ணையுந் தொறந்து வெச்சுட்டு ஏமாத்து. நானா இருக்கப் போயி வெரலோட போச்சு. ஒரு கொழந்த நின்னிருந்தா?"

படியிறங்கும்போது திரும்பி, "நாளைக்கி என்ன பரீட்ச?" என்றார். மலையாளம் என்றேன். "படி" என்றார்.

அந்த வாரம் தன் ஷட்டரின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்தில் ஒரு குட்டிக் கண் பொருத்தினார். குறுக்கே எது வந்தாலும் ஷட்டர் அப்படியே நின்றுவிடும். நான் ரிமோட்டைத் தொடாமல் பத்து நாள் இருந்தேன். அவரே வந்தார். "என்ன, வேலய ராஜினாமா பண்ணிட்டியா? குடு, பேட்டரி மாத்தித் தாரேன்" என்று ரிமோட்டை வாங்கிப் போய் மறுநாள் கொடுத்தார். எதிரிக்குத் தோட்டா நிரப்பிக் கொடுத்த முதல் ஆள் அவராகத்தான் இருப்பார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். ஷட்டர் மறுபடி ஏறி இறங்கியது. ஆனால் அதன் பிறகு ஜன்னலில் நின்று, கீழே பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன். இப்படியே ஒரு வருஷம் ஓடியது.

அக்கா போன ஐந்தாம் நாள் நான் செய்ததை இங்கே எழுதாமல் விட்டால் இவ்வளவு எழுதியதும் வீண்.

அவர் தம்பி பிரபு அண்ணன் பொள்ளாச்சியில் ஒரு மில்லில் வேலை செய்கிறார். கடையை ஏறக்கட்டி ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவருக்கு விடுவதற்காக வந்து தங்கியிருந்தார். சாயங்காலம், அக்கா கடை அடைக்கும் நேரம். ஜன்னலில் நின்றேன். கீழே பார்த்தேன். யாரும் இல்லை. கை அழுத்தியது. ஷட்டர் மேலே ஏறியது.

பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த பிரபு அண்ணன் கிளாஸைப் போட்டுவிட்டு, "அக்கா!" என்று கத்திக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடினார். இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. ஒரு ஆட்டோ கிறீச்சிட்டு நின்றது. அவர் திறந்து கிடந்த கடைக்கு முன் போய் நின்று உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் கடை வாசலில் ஒரு விளக்கு எரிந்தது. "கதவு தானாத் தொறந்துச்சுங்ணா. கரண்டு கோளாறா இருக்குமுங்களா?" என்று பிரபு அண்ணன் அப்பாவிடம் கேட்டார். பிறகு அவரே, "இல்லீங். அக்கா இன்னும் இங்கதான் இருக்குது" என்றார். ஜெராக்ஸ் கடைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மில்லிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. இந்த வாரம் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்களாம். அவர் கடைக்குள்ளேயே பாய் விரித்துக்கொண்டார்.

மூன்று நாள் பார்த்தேன். சொன்னால் அவருக்கு இருக்கிற அந்த ஒரு ஆறுதலும் போய்விடும். சொல்லாவிட்டால் வேலையே போய்விடும். நான்காம் நாள் ரிமோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"அண்ணா, அன்னிக்கி ஷட்டரத் தொறந்தது நானுங்."

அவர் ரிமோட்டைப் பார்த்தார். "அமுக்கு பாக்கலாம்."

அழுத்தினேன். ஷட்டர் அசையவில்லை. மறுபடி அழுத்தினேன்.

"என்னத் தேத்தறதுக்குப் பொய் சொல்றியா கண்ணு?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"பொய் இல்லீங்ணா, பேட்டரி போயிருக்கும்" என்று நாணயத்தால் நெம்பித் திறந்தேன். வாங்கிய அன்று அதைத் திறந்து பார்த்திருக்கிறேன். உள்ளே நீலப் பலகை. இப்போது இருந்தது பச்சை. பச்சையின் மேல் சிவப்பு நகப்பூச்சில் 'வாலு' என்று எழுதியிருந்தது.

பிரபு அண்ணன் அதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, "அக்கா எழுத்து" என்றார். நான் அண்ணாந்து மோட்டார் பெட்டியைப் பார்த்தேன். எங்கள் குடோனில் இருக்கும் அதே புதுப் பெட்டி. காப்பி எடுபடாத பெட்டி. அந்தக் குட்டிக் கண் பொருத்திய அன்றே அக்கா இதையும் மாற்றியிருக்கிறார். என் காப்பி அன்றோடு செத்துவிட்டது. பேட்டரி மாற்றுகிறேன் என்று வாங்கிப் போய், உள்ளே அசல் பலகையை வைத்து, பதிந்து, பெயரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு வருஷமாக நான் திருட்டுத்தனமாகத் திறந்தது, எனக்கென்று கொடுத்த சாவியால்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் ஏமாற்றியிருக்கிறார். நானாக இருந்தால் இரண்டாம் நாளே சொல்லிச் சிரித்திருப்பேன்.

பிரபு அண்ணன் மேசை டிராயரிலிருந்து பேட்டரி எடுத்துப் போட்டார். ஷட்டர் இறங்கியது, ஏறியது.

"அப்ப அது அக்கா இல்ல."

"இல்லீங்."

அன்று அவர் விளக்குக்கு மறுபடி எண்ணெய் ஊற்றவில்லை. அதுவாக அணைந்தது. ஜெராக்ஸ் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

கடை கைமாறும்போது பழைய ரிமோட் எல்லாவற்றையும் பெட்டி மறந்தாக வேண்டும். ஒன்றை மட்டும் அழிக்க முடியாது. பெட்டிக்குள் இருக்கும் பட்டனை, விளக்கு அணையும் வரை விடாமல் அழுத்த வேண்டும். அத்தனை பேரும் ஒன்றாகப் போய்விடுவார்கள். பிரபு அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "நீயே அமுக்கு கண்ணு" என்றார். ஏறினேன். கீழே பார்த்தேன். ஷட்டருக்கு அடியில் யாரும் இல்லை. அழுத்தினேன். மனதுக்குள் பத்து வரை எண்ணியிருப்பேன். விளக்கு அணைந்தது. அப்போதும் அழவில்லை. கை மட்டும் பட்டனை விட்டு வர மாட்டேனென்றது.

பிரபு அண்ணன் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பொள்ளாச்சிக்குப் போனார்.

பெயர் எழுதிய அந்த ரிமோட் என்னிடம் இருக்கிறது. ஒரு கதவையும் திறக்காது. தினமும் சாயங்காலம் ஜெராக்ஸ் கடைக்காரர் வாசலுக்கு வந்து தன் ரிமோட்டை நீட்டுவார். அவர் கீழே குனிந்து பார்ப்பதில்லை. அதனால் நான் ஜன்னலுக்கு வந்து நிற்கிறேன். குழந்தை, நாய், கை, எதுவும் இல்லையே என்று இரண்டு பக்கமும் பார்க்கிறேன். பார்த்துவிட்டு நானும் அழுத்துகிறேன்.