பிடியக்காவின் கை

இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டேதான் பிடியக்கா கூடத்துக்குள் நுழைவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஆரம்பிக்கிற தேய்ப்பு மெத்தையை மிதிக்கும்போதுதான் நிற்கும். பார்ப்பவர்கள் குளிருகிறதோ என்று நினைப்பார்கள். குளிரெல்லாம் இல்லை. ஜில்லென்ற கை முதுகில் பட்டால் பிள்ளைகள் திடுக்கிட்டு நெளிவார்கள். அந்தரத்தில் இருக்கும்போது நெளிந்தால் வம்பு. "கை சூடா இருந்தா முதுகு தானா நம்பிடும்" என்பார்.

ஒரு காலத்தில் சரக்குக் கிடங்காக இருந்த கூடம் அது. தகரக் கூரை. கிழிந்த இடங்களில் டேப் ஒட்டிய நீல மெத்தைகள். எங்கே கை வைத்தாலும் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும் சாக்பீஸ் மாவு. பள்ளி விட்டதும் ஜிம்னாஸ்டிக்ஸ் பழக வரும் பிள்ளைகளுக்கு ஒரு மூலையில் நின்று கத்திச் சொல்லிக்கொடுப்பது மாஸ்டரின் வேலை. அவர் சொன்னதைச் செய்யத் துணிந்து உடம்பைப் பின்னால் எறிகிற பிள்ளையின் இடுப்பில் ஒரு கை, தொடையில் ஒரு கை கொடுத்து, சுழற்றி, மறுபடி தரையில் நிறுத்துவது பிடியக்காவின் வேலை. "அக்கா, பிடிங்க! அக்கா, பிடிங்க!" என்ற கூச்சல்தான் அங்கே சாயங்காலமெல்லாம் கேட்கும். அதிலிருந்து வந்த பெயர்தான் இது. ஒருமுறை மாஸ்டர் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, யாரோ புதிதாகச் சேர்ந்திருக்கிறார்களாக்கும் என்று பிடியக்காவே திரும்பிப் பார்த்தார்.

மோதிரம், வளையல், கடிகாரம் எதுவும் போடமாட்டார். நகம் சதையோடு சதையாக வெட்டியிருக்கும். முழங்கைக்குக் கீழே பச்சையும் ஊதாவுமாகக் கன்றிப்போன தடங்கள். "இது எந்தக் குரங்கோட குதிகால்னு கேளுங்க, கரெக்டா சொல்றேன்" என்று பெருமையாகக் காட்டுவார். டவுன் பஸ் ஓட்டும் அவர் கணவருக்குத்தான் அதில் சங்கடம். "பார்க்கிறவங்க எல்லாம் என்னைத்தான் முறைக்கிறாங்க. தயவுசெஞ்சு முழுக்கை சட்டையாவது போட்டுத் தொலையேன்!"

அதே கணவரின் பஸ்ஸில் ஒருநாள் நின்றுகொண்டு போனபோது, பிரேக் போட்ட வேகத்தில் முன்னால் நின்ற கனத்த ஆசாமி பின்னால் சாய்ந்தார். பிடியக்காவின் கை யோசிக்கவில்லை. ஒன்று இடுப்புக்கும் ஒன்று தொடைக்கும் போய்விட்டது. ஆசாமி சிவந்த முகத்தோடு திரும்பினார். "தப்பா நினைக்காதீங்கண்ணே, பழக்கதோஷம்" என்று சொல்லிவிட்டுப் பிடியக்கா அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மீதித் தூரத்தை நடந்தே போனார்.

பிடியக்காவுக்குப் பல்டி அடிக்கத் தெரியாது. வாழ்நாளில் ஒருமுறைகூட அடித்ததில்லை. அக்கா மகளைக் கொண்டுவந்து விட வந்த இடத்தில், நெடுநெடுவென்று உயரமாக இருக்கிறாரே என்று மாஸ்டர் கை கொடுக்கச் சொன்னார். அக்கா மகள் மூன்றே மாதத்தில் நின்றுவிட்டாள். சித்தி நிற்கவில்லை.

பின்பல்டி என்பது அங்கே ஒவ்வொரு பிள்ளையும் தாண்ட வேண்டிய பெரிய வாய்க்கால். நின்ற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத பக்கமாகப் பாய்ந்து, கையை ஊன்றி, காலைச் சுழற்றி மறுபடி நிற்க வேண்டும். அதற்குப் பிடியக்கா ஓர் உபாயம் வைத்திருந்தார். முதலில் முழுக் கையால் தாங்குவார். பிறகு விரல் நுனியால். கடைசியில், "பிடிச்சிருக்கேன், போ" என்று குரலை மட்டும் கொடுத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். பிள்ளை சுழன்று நின்றதும், "நான் தொடவே இல்லையே!" என்று சிரிப்பார். பிள்ளை துள்ளிக் குதிக்கும். அந்தப் பொய் அதுவரை யாரையும் சுட்டதில்லை.

ஸ்பிரிங் என்று எல்லோரும் கூப்பிடும் பத்து வயதுப் பெண்ணைத்தான் அது சுட்டது.

சும்மா நிற்கச் சொன்னாலே குதிகால் தரையில் பாவாத பெண் அவள். அவளும் இந்த உபாயத்தில்தான் பின்பல்டி அடித்தாள். ஒன்றல்ல, ஒரு சாயங்காலம் முழுக்க. பக்கத்தில் நின்ற அம்மா எல்லாவற்றையும் செல்போனில் எடுத்தாள். மறுநாள் ஸ்பிரிங் மெத்தையின் ஓரத்தில் வந்து நின்றாள். முழங்கால் மடங்கியது, கைகள் பின்னால் வீசின, அப்படியே நின்றுவிட்டாள். மறுபடி மடங்கினாள், மறுபடி நின்றாள். உதடு வெளுத்துவிட்டது. "வரலைக்கா" என்றாள், ஏதோ தொலைத்துவிட்டவளைப் போல.

அடுத்த நாளும் பல்டி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மாஸ்டர் கத்திப் பார்த்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள் அம்மா, இடைவேளையில் அவசரமாக ஓடிவந்து, சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டினாள். "அன்னிக்கு அத்தனை தரம் அடிச்ச கழுதைக்கு இப்ப என்ன வந்துச்சு? அடம். சுத்த அடம்" என்று சலித்துக்கொண்டாள். போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பிடியக்கா இரண்டு கையையும் கொடுத்து, "நான் இருக்கேன்ல, போடி கண்ணு" என்றால் அந்த முதுகு பலகை மாதிரி விறைத்தது. தன் கை பட்டு ஒரு முதுகு விறைப்பதை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். "சாப்பிடப் போறியா, அதுக்கும் யாராவது பிடிக்கணுமா?" என்று கணவர் கேட்டும் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் மற்ற பிள்ளைகள் போனபிறகு ஸ்பிரிங் அம்மாவுக்காகக் காத்திருந்தாள். பிடியக்கா மெத்தைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்ட ஸ்பிரிங், மெத்தையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அக்கா, நாளைக்கு நீங்க நிஜமா பிடிப்பீங்களா, பிடிக்கிற மாதிரி பிடிப்பீங்களா?"

பிடியக்காவுக்குக் கையிலிருந்த மெத்தை நழுவியது. "யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லலை. அம்மா போன்ல பார்த்தேன். நீங்க கையைக் கட்டிட்டு நின்னீங்க. ஆனா 'பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்'னு சொல்றது கேக்குது."

"அப்புறமா நானே சொல்லலாம்னு இருந்தேன்டி. அதுக்குள்ள உங்க அம்மா கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"நான் பிடிச்சிருக்கீங்கன்னு நினைச்சுதான் போனேன்." ஸ்பிரிங்கின் குரல் உடைந்தது. "இப்ப நீங்க பிடிச்சாலும் இல்லைன்னுதான் தோணுது. கீழ யாருமே இல்லாத மாதிரி இருக்கு."

எத்தனையோ பிள்ளைகள் துள்ளிக் குதித்த அந்தப் பொய்க்கு அடியில் இப்படி ஒரு பள்ளம் இருந்தது அவருக்குத் தெரியாது. சுருட்டின மெத்தைமேல் உட்கார்ந்தார். சமாதானம் சொல்லத்தான் வாய் வந்தது. உன் நல்லதுக்குத்தானே, நீ நல்லாத்தானே அடிச்சே. அதையெல்லாம் விழுங்கிக்கொண்டார்.

"அன்னிக்குப் பல்டி அடிச்சது நீ மட்டும் இல்லைடி. சொன்ன பேச்சுல நானும் அடிச்சுட்டேன். தப்பு என்னோடதுதான்."

ஸ்பிரிங்குக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீங்க பல்டி அடிச்சிருக்கீங்களா, நிஜமா?" என்று கேட்டாள்.

"இல்லவே இல்லை. எனக்கு உயிரே போயிடும்."

"உங்களுக்கும் பயமா?"

"பின்ன? பின்னாடி என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்ற பிடியக்கா கையை நீட்டினார். "இனிமே நீ 'விடு'ன்னு சொல்ற வரைக்கும் கை இங்கதான் இருக்கும். ஒரு வருஷம் ஆனாலும் சரி."

சொன்னது சுலபம். காப்பாற்றுவதுதான் பாடாக இருந்தது. முதல் நாட்களில் ஸ்பிரிங் உயரமான மெத்தைமேல் வெறுமனே மல்லாந்து விழுந்தாள், அவ்வளவுதான். பிறகு உருளை மெத்தைமேல் சாய்ந்து புரண்டாள். ஒவ்வொரு முறையும், "பிடிச்சிருக்கீங்களா?" "பிடிச்சிருக்கேன்." "அழுத்திக் காட்டுங்க." அழுத்திக் காட்டுவார். இதற்குள் போட்டி வந்தது. ஸ்பிரிங் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கை தட்டினாள். அவள் அம்மா அன்று பிடியக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பின்பல்டி மெல்லத் திரும்பி வந்தது. கை கொடுத்தால் ஸ்பிரிங் போனாள். ஒரு கட்டத்தில், தான் தாங்க வேண்டிய பாரமே கையில் இல்லை என்பது பிடியக்காவுக்குத் தெரிந்தது. முதுகு தொட்டும் தொடாமலும் பறந்து போயிற்று. எதிர் மூலையிலிருந்து மாஸ்டர், கையை எடு என்று சைகை காட்டினார். பிடியக்கா கவனிக்காத மாதிரி இருந்தார். மாஸ்டர் பொறுக்காமல் பக்கத்திலேயே வந்துவிட்டார்.

"நீ விடலைன்னா அவ ஜென்மத்துக்கும் தனியா செய்யமாட்டா. சும்மா தொட்டுட்டு எடுத்துடேன், அவளுக்கென்ன தெரியவா போகுது?"

"தெரியும் மாஸ்டர்."

"பின்ன எப்பத்தான் விடுவே?"

"அது என் கையில இல்லை. அவகிட்ட கேளுங்க."

மாஸ்டர் தலையிலடித்துக்கொண்டு போனார். அவர் சொல்வதும் நியாயம்தானோ என்று பிடியக்காவுக்கே சந்தேகம்தான். சில நாட்கள் கை தானாக விலகப் பார்த்தது. பழகிய கை. பல்லைக் கடித்துக்கொண்டு அதை அங்கேயே வைத்திருந்தார்.

விசேஷமில்லாத ஒரு நாள். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைமேல் கொட்டிய சத்தத்தில் மாஸ்டர் கத்துவதே கேட்கவில்லை. ஸ்பிரிங் மெத்தையின் ஓரத்தில் நின்று ஏதோ சொன்னாள். பிடியக்காவுக்குக் காதில் விழவில்லை. "என்னடி?" என்று குனிந்தார். ஸ்பிரிங் மறுபடி சொன்னாள். அதுவும் மழையோடு போயிற்று. சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததும், தன் இடுப்பிலிருந்த கையின் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக எடுத்து, பிடியக்காவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

பிடியக்கா இரண்டடி தள்ளி நின்றார். இனி "விட்டுட்டேன்" என்று சொன்னாலும் அவளுக்குக் கேட்காது. கை எங்கே இருக்கிறது என்று அவள் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். சட்டென்று இரண்டு கைகளையும் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். ஸ்பிரிங் தலையைத் திருப்பி அந்தக் கைகளை நன்றாகப் பார்த்தாள். முழங்கால் மடங்கியது. கைகள் வீசின. பாய்ந்தாள்.

சுழன்று இறங்கியவள் ஒரு எட்டுத் தடுமாறி, நின்றாள்.

அந்த நேரம் பார்த்துக் குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்தாள் அவள் அம்மா. முதலில் கண்ணில் பட்டது, மெத்தையோரம் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கும் பிடியக்காதான். ஈரக் காலோடு ஓடிவந்து காதருகே கத்தினாள். "ஐயையோ, என்னக்கா ஆச்சு? எங்க விழுந்தா? தலையில கையை வச்சுட்டு நிக்கிறீங்களே!"

பிடியக்கா ஸ்பிரிங்கிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஸ்பிரிங் ஓடிவந்து மறுபடி மெத்தையின் ஓரத்தில் நின்று, ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். தலைமேல் இருந்த கைகளின் விரல்களைப் பிடியக்கா ஒன்றோடொன்று கோத்து, இன்னும் இறுக்கமாகப் பூட்டிக்கொண்டார்.