முப்பது கிலோ

சின்னமனூர் மண்டியில் வாழைத்தார் எடை போடும் நாகஜோதி விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனாலும் மதுரை விமான நிலையத்துக்குக் கிளம்புகிற சுற்றுவட்டாரத்துக்காரர்கள் முதலில் அவளுடைய தராசில்தான் பெட்டியை வைப்பார்கள். அன்று, துபாய்க்கு நர்ஸ் வேலைக்குப் போகும் இவாஞ்சலினின் பெட்டி முப்பத்தொன்றரை கிலோ காட்டியது. முப்பதுக்கு மேல் அனுமதி இல்லை.

"ஊறுகாய எடுத்துரவாக்கா?" இவாஞ்சலினுக்குக் கண் கலங்கியது.

"ஒங்கம்மா ஆசையாப் போட்டுக் குடுத்தாகல்ல, அது இருக்கட்டும். அந்த ஷூவையும் ஸ்வெட்டரையும் எடுத்து மாட்டிக்க."

ஏசி வார்டுக்காக வாங்கிய ஸ்வெட்டருடன், வேர்க்க விறுவிறுக்கக் காரில் ஏறினாள் இவாஞ்சலின். மதியம் விமான நிலையத்திலிருந்து போன் செய்தாள்.

"அக்கா, இங்கனயும் முப்பதுதான் காட்டுது!"

சாயங்காலம்வரை நாகஜோதிக்கு வாய்கொள்ளாத சிரிப்பு. தார் இறக்க வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.