குடலை அடக்கும் ஊசி

அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். குடல் மருத்துவர். மூத்த நர்ஸ். திரையைக் கவனிக்கும் டெக்னீஷியன். கட்டிலில் இடப்பக்கமாகப் படுத்திருந்த நான். ஐந்தாவது ஆள் இல்லை. மயக்க மருந்து வேண்டாமென்று மறுத்துவிட்டதால் முழு நினைவோடு இருந்தேன். எழுபத்திரண்டு வயதில் கதை கட்டிப் பெயரைக் கெடுத்துக்கொள்ள எனக்கு அவசியமில்லை.

படிவத்தில் மட்டும் ஒரு பொய் சொல்லியிருந்தேன். இதயக் கோளாறு உண்டா? 'இல்லை.' படபடப்புக்கு மாத்திரை சாப்பிடுவது என் மனைவிக்கே தெரியாது. எங்கள் குடும்பத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எவருமில்லை என்று சொல்லியே வாழ்ந்தவன் நான்.

என் மகள் இதே அறையில்தான் நர்ஸாக இருந்தாள். குடல் அசையாமலிருக்க ஓர் ஊசி போடுவார்கள். அது இதயத் துடிப்பை எகிறச் செய்யும். இதய நோயாளி ஒருவருக்கு அவள் அதைப் போட்டாள். அவர் இறந்துபோனார்.

"நம்ம பேரைக் கெடுத்துட்ட. வீட்டுப் பக்கம் வராத" என்றேன்.

வரவில்லை. நான்கு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாள்.

அந்த ஊசி எனக்குத் தேவைப்படாது என்றுதான் நினைத்திருந்தேன்.

காலை 10.40. குடலைப் பார்க்கும் கேமராக் குழாய் உள்ளே போனது.

"ஐயா, வயித்தைத் தளர்வா விடுங்க. பட்டாளத்துக்கா ஆள் எடுக்கறோம்?" என்றார் டெக்னீஷியன்.

"குடல் துள்ளிக்கிட்டே இருக்கு. ஒண்ணும் தெரியல" என்றார் மருத்துவர். "ஊசியைப் போட்டுருங்க சிஸ்டர்."

10.42. நர்ஸ் என் கையைப் பிடித்தார்.

வயிற்றில் ஓர் உள்ளங்கை பதிந்தது. சில்லென்று... மெல்ல வட்டமாகத் தடவியது.

நர்ஸின் இரு கைகளும் என் கண்முன்னே இருந்தன. மருத்துவர் கையில் குழாய். டெக்னீஷியன் திரையருகே.

காதருகே ஒரு மூச்சு...

"அப்பா. மறைக்காதீங்க."

திரையில் குடல் நின்றது.

"மருந்து பிடிச்சிருச்சு" என்றார் மருத்துவர்.

"நான் இன்னும் போடலையே டாக்டர்."

மருந்து நிறைந்த ஊசியைத் தூக்கிக் காட்டினார் நர்ஸ்.

"எனக்கு... இதயக் கோளாறு இருக்கு" என்றேன்.

நர்ஸ் ஊசியைக் கீழே வைத்தார்.

பிறகு படிவத்தைப் பார்த்தோம். என் 'இல்லை' கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. மேலே என் மாத்திரையின் பெயர், அளவு. சாய்ந்த சின்ன எழுத்து.

"இது அவ எழுத்துங்க ஐயா" என்றார் நர்ஸ்.

எனக்கா தெரியாது? ஆனால் அந்த மாத்திரையை நான் தொடங்கியதே அவள் போய் ஒன்பது மாதம் கழித்து.

"அவருக்கு ஊசி போட்ட அன்னிக்கு நானும் அவ பக்கத்துல நின்னேன்" என்றார் நர்ஸ். "நடந்ததைச் சொல்ல உங்க வீட்டுக்கு வந்தேன். நீங்க கதவைத் திறக்கல."

மூன்று வருடம் கழித்து, அன்றுதான் கேட்டேன்.

என் மகள் நோயாளியிடம் எதுவும் கேட்காமல் ஊசி போட்டாள் என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். அது பொய். இதயக் கோளாறு உண்டா என்று இரண்டு முறை கேட்டாள். அந்த மனிதர்தான் இல்லை என்றார்.