கை நுழையும் விரிசல்

வீட்டை இடிக்க வந்த காலையில் அங்கே இருந்தவர்கள்: மாநகராட்சிப் பொறியாளர், இரண்டு போலீஸ்காரர்கள், பொக்லைன் ஓட்டுநர், படிப்பகத்துச் செயலாளர், மாடியில் குடியிருந்த என் அத்தை, அவளுடைய அண்ணனான என் நைனா. இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெங்களூரில் இருந்த வீட்டுக்காரர். இன்னொருவன் நான். ஆபீசில் லீவு தரவில்லை என்று சொல்லியிருந்தேன். நான் லீவு கேட்கவே இல்லை.

ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளால் ஜன்னல்கள் அதிர்ந்துகொண்டே இருக்கும் ஒரு சந்தில் இருந்தது அந்த வீடு. தேக்கு உத்தரம், சுண்ணாம்புச் சுவர், சிவப்புத் தரை. கீழே, மேலே மாடி இல்லாத முன்னறையில் படிப்பகம். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பரீட்சைக்கெல்லாம் படித்தது அங்கிருந்த நீள மேசையில்தான். மாடியில் இரண்டு அறைகளில் அத்தை முப்பது வருடமாக இருந்தாள். வாடகை இரண்டாயிரம். காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மாதம் தவறாமல் வாடகை போய்விடுவதால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஒரு மழைக்குப் படிப்பகத்தின் கூரை ஒழுகியது. செயலாளர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னைக் கூப்பிட்டார்.

"நூறு வருசத்து வூடுப்பா இது. பயைய கட்டடத்த ரிப்பேர் பண்ண கவருமெண்டுல பணம் கீதாம். நீ ஒரு மனு எய்து. நீ எய்துனா அதிகாரி தானா வூடு தேடி வருவான்."

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். படிப்பவர் மனம் இளக வேண்டும் என்று நினைத்தேன். விரல்கூட நுழையாத விரிசலைக் கை நுழையும் விரிசல் என்றேன். உத்தரத்தைக் கரையான் முற்றாக அரித்துவிட்டது, எந்த நேரமும் உயிர்ச்சேதம் நேரலாம் என்றும் சேர்த்தேன். நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன்.

"அவ்ளோ பெருசாவா பொளந்துகினு கீது? என் கண்ணுக்குத் தெரிலியே."

"அப்படி எழுதினாத்தான் நைனா வருவாங்க."

"வந்து இன்னா பண்ணுவாங்க?"

"ரிப்பேர் பண்ணுவாங்க."

"படிச்சவன் சொல்ற," என்று எழுந்து போனார்.

இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அத்தைக்கு எழுத வருவது அவள் பெயர் மட்டும்தான். அதைப் போட்டாள்.

அதிகாரி வந்தார், பத்து நிமிடம் பார்த்தார், போனார். மூன்றாவது வாரம் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். குடியிருப்போரே எழுத்துமூலம் தெரிவித்துள்ளபடி கட்டடம் அபாயகரமானது, உடனே காலி செய்யவும். அதற்குக் கீழே உயிர்ச்சேதம் பற்றி நான் எழுதிய வாக்கியம், ஒரு சொல் மாறாமல்.

பொறியாளரிடம் ஓடினேன். விரிசல் அவ்வளவு பெரிதில்லை என்றேன்.

"நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க? நாளைக்கு யாராவது செத்தா இந்தப் பேப்பரைத்தான் என் மூஞ்சிக்கு நேரா நீட்டுவாங்க," என்றார் அவர். வீட்டுக்காரர் செயலாளருக்குப் போன் போட்டு நன்றி சொன்னாராம்.

அத்தை திட்டியிருந்தால் தேவலை.

"நீ எய்துனது தப்பில்லடா. அத அவனுங்க நம்பிட்டானுங்க பாரு, அதான் பேஜாரு," என்றாள்.

படிப்பகத்தின் புத்தகங்கள் செயலாளர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அத்தை மணலிக்குப் போனாள், ஒற்றை அறைக்கு. அங்கிருந்து விடிவதற்குள், அவள் வேலை செய்த காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்து சேர முடியவில்லை. இறால் உரிக்கும் வேலை இரண்டே மாதத்தில் நின்றது. வீடு மாறுவதற்குக் கம்மலையும் வளையலையும் அடகு வைத்தாள். என் சம்பளத்திலிருந்து நீட்டியதைக் கையால் தொடவில்லை. அட்வான்ஸ் ஐம்பதாயிரம், புரோக்கருக்கு ஆறாயிரம், சாமான் ஏற்றிய வண்டிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. மொத்தம் ஐம்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.