ஓர் இருமலுக்கு மூன்று மருந்து

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் பத்தி வரவில்லை. கவனித்தீர்களா? அந்த இடத்தில் ஒரு கூந்தல் தைல விளம்பரம் இருந்தது. முழங்கால் வரை கூந்தலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓர் அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட அவள் எவ்வளவோ லட்சணம். பத்திரிகைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

ஆனால் நாட்றம்பள்ளியிலிருந்து ஒரு வாசகர் போஸ்ட் கார்டு போட்டிருக்கிறார். ஒரே வரி. ‘பத்தியைக் காணோமே, உடம்புக்கு ஒன்றுமில்லையே?’ முன்பின் தெரியாத மனிதர். கார்டைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அவருக்குப் பதில் எழுதத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன்.

உடம்புக்கு ஒன்று இருந்தது. சாதாரண ஜலதோஷம், அதன் பின்னாலேயே ஓர் இருமல். நான் சாகக் கிடந்தது உண்மைதான். ஆனால் இருமலால் அல்ல — மருந்தால்!

வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் ரைட்டர். வெளியூர் வியாபாரிகளுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவது என் உத்தியோகம். மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, நான்... அவ்வளவுதான் வீடு.

இந்த இருமல் இருக்கிறதே, பகலெல்லாம் பரம சாது. தலையணையில் தலை பட்டால்தான் ஆரம்பிக்கும். அவள் இருந்தபோது, நான் இரண்டு தரம் இருமினால் போதும், “எழுந்து வெந்நீர் குடிங்க” என்று பக்கத்திலிருந்து குரல் வரும். தூக்கத்திலேயே சொல்வாள். காலையில் கேட்டால் சொன்ன ஞாபகமே இருக்காது. இப்போது எத்தனை தரம் இருமினாலும் வெந்நீர் குடிக்கச் சொல்ல ஆளில்லை.

தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே கம்பவுண்டர் ஞானமுத்து என்று ஒருவர், என் வயதுக்காரர். நான் கொண்டுபோன பாட்டிலைக் கழுவி மிக்ஸ்சரை ஊற்றினார். பல் பல்லாக வெட்டிய காகிதத்தைப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டினார். ஒரு பல் அளவு ஒரு வேளைக்கு, படுக்கும்போது மட்டும். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அன்றைக்கு அது உண்மைதான்.

மறுநாள் டேனரி முற்றத்தில் மேஸ்திரி காதர் பாய் என்னைப் பிடித்துக்கொண்டார். தோல் பதனிட இடிக்கும் ஆவாரம்பட்டைத் தூசி நெஞ்சில் ஏறியிருக்கும் என்பது அவர் தீர்மானம். அவருடைய தோஸ்த் வேலூர் லாங் பஜாரில் வாங்கி வந்த சொட்டு மருந்து ஒன்று வைத்திருந்தார். சின்ன பாட்டில், கறுப்புத் திரவம். சர்க்கரையில் பத்து சொட்டு விட்டுச் சாப்பிட வேண்டுமாம். அதோடு விட்டாரா? டீ வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி மிக்ஸ்சரைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

அதற்கு அடுத்த நாள் பால்காரி முனியம்மா. வாசலில் என் இருமலைக் கேட்டுவிட்டு, சாயங்காலம் ஒரு ஜாடியில் கஷாயம் கொண்டுவந்தாள். அதிமதுரம், பனைவெல்லம், போஸ்தக்காய் — அதாவது கசகசாவைக் கொட்டியெடுத்த பிறகு மிஞ்சும் ஓடு — எல்லாம் போட்டுக் காய்ச்சியது. அவளும் கால் மணி நேரம் நின்று மகளுக்கு வந்திருக்கும் வரனைப் பற்றிச் சொன்னாள். அவளிடமும் மற்ற இரண்டைப் பற்றி நான் சொல்லவில்லை.

இனிமேல்தான் என் புத்திசாலித்தனம்.

எங்கள் டேனரியில் தோல் ஒரே குழியில் பதமாகிவிடாது. முதலில் பழைய பட்டைத் தண்ணீர், சாரம் இறங்கிப்போனது. அப்புறம் கொஞ்சம் காட்டமான குழி. கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். முதல் குழியில் நிறம் பிடிக்கவில்லையே என்று யாரும் கவலைப்படுவதில்லை. எடுத்து அடுத்த குழியில் போடுவார்கள். பதினெட்டு வருஷம் இதையே பார்த்துக்கொண்டிருந்தால் மனுஷனுடைய மூளையும் அதே மாதிரி பதமாகிவிடும்.

அன்று விளக்கு வைத்ததுமே படுக்கையை விரித்துச் சாய்ந்து, மிக்ஸ்சரில் ஒரு பல் குடித்தேன். அரை மணி ஆயிற்று. இருமல் அசையவில்லை. சரி, இரண்டாம் குழி என்று பத்து சொட்டு. அதற்கும் மசியவில்லை. மூன்றாம் குழி... கஷாயம் அரை டம்ளர். பாட்டில் வேறு, நிறம் வேறு, கொடுத்தவர் வேறு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன சம்பந்தம்?

இருமல் நின்றது. கூடவே மூச்சும் நிற்கப் பார்த்தது.

மீதிக் கதை பிறர் சொல்லித் தெரிந்துகொண்டது. தினமும் படுக்கும் முன் பால் சொம்பை வாசற்படியில் வைப்பது என் வழக்கம். முனியம்மா விடியற்காலையில் ஊற்றி, தட்டால் மூடிவிட்டுப் போவாள். மாதக்கணக்கில் நாங்கள் முகம் பார்க்காமலே பால் வியாபாரம் நடக்கும். அன்று மயக்கத்தில் நான் சொம்பை வைக்கவில்லை. இருமலுக்கு வைத்தியம் பார்க்க ஐயா வெளியூர் போயிருக்கிறார் என்று நினைத்து அவள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் பேரில் தப்பில்லை. விசாரிக்க இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

என் உயிரைக் காப்பாற்றியது ஒரு சாவி. ஆபீஸ் ரூம் சாவி என் இடுப்பில் இருந்தது. மத்தியான கூட்ஸ் வண்டிக்குப் போக வேண்டிய தோல் கட்டுகள் முற்றத்தில் கிடந்தன. அவற்றுக்கான காகிதங்கள் ரூமுக்குள் இருந்தன. ஒன்பது மணிக்குக் காதர் பாய் என்னைத் திட்டிக்கொண்டே வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பாயில் கிடக்கிறேன். ஒரு மூச்சு... பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை... பிறகு இன்னொரு மூச்சு. கதவை உதைத்துத் திறந்தார். உலுக்கினார், அறைந்தார். நான் எழுந்திருக்கவில்லை.

ஜட்கா அனுப்பி ஞானமுத்துவை வரவழைத்தார்கள். சத்தம் கேட்டு முனியம்மாவும் ஓடிவந்தாள். ஞானமுத்து என் இமையைத் தூக்கிப் பார்த்தாராம். கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அலமாரியில் மூன்றும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாக முகர்ந்தார். சொட்டு மருந்து யார் கொடுத்தது என்று கேட்டார். பாய் தலையைக் குனிந்தார். கஷாயம்? முனியம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

“என் மிக்ஸ்சர்லயும் அபின்தான் இருக்கு. இந்தச் சொட்டுலயும் அபின்தான். போஸ்தக்காயக் கீறித்தான் அபினே எடுக்கறாங்க. நாம மூணு பேரும் ஒரே மருந்த மூணு தரம் குடுத்திருக்கோம்” என்றாராம் ஞானமுத்து.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். டாக்டர் வயிற்றைக் கழுவினார். பால் இல்லாத கடுங்காப்பியைப் புகட்டினார்கள். அப்புறம் அவர் போட்ட உத்தரவுதான் விசேஷம். இவரைத் தூங்கவிடக் கூடாது. நடக்க வையுங்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

விளக்கு வைக்கும் வரை ஆஸ்பத்திரி முற்றத்தில் என்னை நடத்தினார்கள். ஒரு கைக்குக் காதர் பாய், இன்னொரு கைக்கு ஞானமுத்து. காப்பிச் சொம்போடு முனியம்மா முன்னால் போனாள். பாய் தன் தம்பி பர்மாவுக்கு ஓடிப்போன கதையைச் சொன்னார். முனியம்மா தன் எருமைகளின் குணத்தைச் சொல்லிவிட்டு, எந்த எருமை உதைக்கும் என்று என்னிடமே திருப்பிக் கேட்டாள். தப்பாகச் சொன்னால் பாய் கன்னத்தில் தட்டினார். இரண்டு வருஷத்தில் நான் கேட்ட பேச்சையெல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு பகலுக்கு ஈடாகாது.

ஒரு கட்டத்தில் அவர்களிடம் பேச்சுச் சரக்கு தீர்ந்துவிட்டது. எனக்குக் கண் செருகியது. பாய் என் காதருகே கேட்டார். “அம்மா பேரு இன்னா சார்? வூட்ல இருந்தாங்களே, அவங்க பேரு. சொல்லு சார், தூங்காத.”

அவள் போன பிறகு அவள் பெயரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கனகவல்லி என்றேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அன்றைக்கு அந்த முற்றத்தில் எத்தனை சுற்று நடந்தேனோ, அத்தனை தரமும் சொன்னேன். அழுதேன் என்றுகூடச் சொன்னார்கள். இருக்கலாம்.

தெளிந்த பிறகு ஞானமுத்து பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் சார் ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்று கேட்டார். மூன்று குழி விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். அது நிஜம்தான்... ஆனால் முழு நிஜம் அல்ல. முழு நிஜத்தை உங்களிடம்தான் சொல்கிறேன். மருந்து ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லியிருந்தால் பாய், சரி என்று போயிருப்பார். டீ இல்லை, அரை மணிப் பேச்சு இல்லை. முனியம்மா ஜாடியோடு வந்து நின்றிருக்க மாட்டாள். இருமல் வந்த பிறகுதான் என்னை விசாரிக்க மனிதர்கள் வந்தார்கள். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஞானமுத்து அன்று சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். உங்களுக்கும் உபயோகப்படும்.

“மருந்துக்குப் பேரு ஆயிரம் இருக்கும் சார். உள்ள இன்னா இருக்குன்னு கேளுங்க. தூக்கம் குடுக்கற மருந்து ஒண்ணு குடிச்சாச்சுன்னா, இன்னொண்ணத் தொடாதீங்க. அதுக்கு மேல கள்ளு, பிராந்தியும் கூடாது. அளவு, காயிதத்துல இருக்கற பல்லுதான். ஜாஸ்தி ஆகக் கூடாது. கொழந்தைங்களுக்கு இதுல ஒரு சொட்டுகூடக் குடுக்காதீங்க. இருமல் நிக்கலியா, இருமிக்கினே என்கிட்ட வாங்க. இருமுற ஆளுக்கு மூச்சு இருக்குது.”

எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார். தனியாக இருப்பவர்கள் இந்த மாதிரி மருந்தை யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் குடிக்க வேண்டும் என்றார். நீங்கள் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டார்.

இப்போது முனியம்மா வாசற்படிச் சொம்பில் பால் ஊற்றுவதில்லை. நானே எழுந்து வந்து சொம்பை நீட்டினால்தான் ஊற்றுவாள். முதலாளி, ஆபீஸ் ரூமுக்கு இன்னொரு சாவி செய்துவிடலாம் என்றார். வேண்டாம் என்று நான்தான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

நாட்றம்பள்ளி அன்பரே, உடம்பு தேவலை. இருமல் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஞானமுத்து அபின் இல்லாமல் புதிதாக ஒரு மிக்ஸ்சர் கலந்து கொடுத்திருக்கிறார். இன்று படுக்கும்போது அதில் ஒரு பல் அளவு குடிக்கப்போகிறேன். ஒரே ஒரு பல். யாரிடமாவது சொல்லிவிட்டுக் குடிக்கச் சொன்னார் அல்லவா? உங்களிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் இந்த இடத்தில் அந்தக் கூந்தல் அம்மாள் சிரித்தால், கார்டு போடாதீர்கள் — வந்து கதவைத் தட்டுங்கள்.