ஒரே தாவலில் வந்த ரெண்டு பேர்

புரோகிராம் எழுதுறவங்களுக்குப் பாதி ஆயுசு, கம்ப்யூட்டர் சொல்ற நேரம் சரியான்னு பாக்குறதுலயே போயிடும். உங்களுக்கும் போயிருக்கும், எனக்குத் தெரியும்.

புறப்படும் முன்னே வந்தவன்

பெரம்பலூர்ல கம்ப்யூட்டர் கடை போட்ட புதுசு. ஓட்டப்பந்தயத்துக்கு நேரம் அளக்க ஒரு புரோகிராம் வேணும்னு பி.டி. சார் ஒருத்தர் வந்தாரு. அவர் விசில் ஊதிக்கிட்டே காலால சுவிட்சை மிதிப்பாரு, எல்லைக்கோட்டுல சென்சார். அப்பல்லாம் எனக்கு என்னா தெம்பு!

முதல் ஒத்திகையில, பசங்க பாதி தூரம் ஓடுறப்ப கம்ப்யூட்டர் இன்டர்நெட்டைப் பாத்துத் தன் மணியைப் பின்னால தள்ளி வச்சுக்கிச்சு. முதல்ல வந்தவனுக்கு மைனஸ்ல நேரம் காட்டுது. சார் என்னைப் பாத்தாரு. "ஏம்மா, இவன் ஓடுறதுக்கு முன்னாடியே வந்துட்டானாம். மெடலை நேத்தே குடுத்துருக்கணும் போல!"

ஒரே பஸ்

கம்ப்யூட்டரைப் போட்டதுலேர்ந்து எண்ணிக்கிட்டே போற இன்னொரு கடிகாரத்துக்கு மாத்துனேன். அதை யாரும் பின்னால தள்ள முடியாது. அப்பாடான்னு அரியலூர்ப் போட்டிக்குப் போனேன்.

ஜெயிக்கிற பொண்ணுக்கு விளையாட்டு விடுதியில ஒரே ஒரு இடம். குன்னத்து செல்வராணியும் லப்பைக்குடிகாட்டு ஷாகிராவும் ஒட்டிக்கிட்டே வந்து கோட்டைத் தாண்டுனாங்க. திரையில ரெண்டு பேருக்கும் மூணு தசமம் வரைக்கும் ஒரே நேரம். அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அந்தக் கடிகாரம் நகராது, தாவும். செகண்டுக்கு அறுபத்திநாலு தாவல்தான். ரெண்டு தாவலுக்கு நடுவுல யார் வந்தாலும் ஒரே நேரம். ஸ்டாப்புக்கு முன்ன வந்தவரும் பின்ன வந்தவரும் ஒரே டவுன் பஸ்ல ஏறுறாங்கள்ல, அப்படி. மூணு தசமம் காட்டுனதெல்லாம் சும்மா பந்தா.

யார் முதல்னு இதுக்குத் தெரியாதுங்கன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். வெங்காய அறுப்பை விட்டுட்டு வந்திருந்த செல்வராணியோட அம்மா எந்திரிச்சாங்க. "பரவால்ல தாயி, எம்புள்ள மறுக்கா ஓடுவா."

நாலு

செகண்டைப் பத்து லட்சமா நறுக்குற கடிகாரம் ஒண்ணும் அதே பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு. அங்கனயே உக்காந்து ரெண்டு வரி மாத்துனேன். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மறுபடி ஓடுனாங்க. கண்ணால பாத்தா இப்பவும் ஒண்ணாத்தான் வந்தாங்க. ஆனா ஷாகிரா, செகண்டுல ஆயிரத்துல நாலு பங்கு முந்தி.

ஷாகிரா சவுதியில இருந்த அவ அத்தாவுக்கு, அதான் அப்பாவுக்கு, போன் போட்டு அழுதா. செல்வராணி அழலை. என் பக்கத்துல வந்து நின்னு திரையையே பாத்தா. நான்தான் அவ மூஞ்சியப் பாக்க முடியாம வயரைச் சுத்திக்கிட்டிருந்தேன்.

"அக்கா, காலைல இருந்த கடிகாரமே நல்லாருந்துச்சுக்கா."

இப்ப நான் எழுதுற எந்தப் புரோகிராமும் அந்தத் தாவுற கடிகாரத்தைத் தொடுறதில்லை, அதுக்காக யாரும் எனக்கு நன்றி சொன்னதும் இல்லை.